பட்டறைப் பதில்கள்: சரிவு விளையில் எந்த மெஷின் ஏறும்?

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அண்டி (முந்திரிக்கொட்டை), பாக்கு, தேங்காய் பறிப்பு பற்றியவை. பதில் சொல்பவர் குமரி மாவட்டம் குலசேகரத்தில் பண்ணைக் கருவிப் பட்டறை நடத்துகிறவர். கடையாலுமூட்டுப் பக்கம் சொந்தமாகச் சரிவு விளையும் (தோட்டமும்) வைத்திருக்கிறார்.

கேள்வி: அண்ணே, அமெரிக்காவில் ஒரு வண்டி பாதாம் மரத்தின் தடியைப் பிடித்து உலுக்குகிறது, காயெல்லாம் பொலபொலவென்று கொட்டுகிறது. மகன் செல்போனில் காட்டினான். எங்களுக்கு மலைச்சரிவில் அறுபது மூடு கொல்லாமாவு (முந்திரி மரம்) நிற்கிறது. பொறுக்க ஆள் இல்லை. அதே மாதிரி சின்னதாக ஒன்று உங்கள் பட்டறையில் செய்து தர முடியுமா?
– ஒரு வாசகர், பத்துகாணி

பதில்: செய்யலாம், ஆனால் செய்து தர மாட்டேன். உங்கள் காசு போய்விடும், மரமும் போய்விடும்.

அந்த வீடியோவில் மரத்தை விட்டுவிட்டுத் தரையைப் பாருங்கள். கலிபோர்னியாவில் பாதாம் தோப்பின் தரையைக் கேரம் பலகை மாதிரி நிரவி வைத்திருப்பார்கள். மரம் ஒற்றைத் தடியாக நேரே நிற்கும். வண்டியின் கை அந்தத் தடியைக் கவ்வும், உள்ளே சமன் இல்லாத எடைகள் சுழலும், சில விநாடிகளில் காய் கொட்டிவிடும். கொட்டிய காய் ஒரு வாரம், பத்து நாள் தரையிலேயே கிடந்து காயும். அங்கே ஆகஸ்ட், செப்டம்பரில் மழை அனேகமாகக் கிடையாது. அப்புறம் ஒரு வண்டி வந்து காயைக் கூட்டி வரிசையாக ஒதுக்கும், பின்னால் வருகிற இன்னொரு வண்டி அள்ளும். உலுக்குவது அந்த வேலையில் ஒரு சின்னப் பங்குதான். மீதி எல்லாம் சமதரையை நம்பி நடக்கிற வேலை.

நம்முடைய கொல்லாமாவு எப்படி நிற்கிறது? இடுப்பு உயரத்திலேயே கிளை பிரிந்து, குடை மாதிரி தரை வரைக்கும் கவிந்து நிற்கும். கவ்வுவதற்குத் தடி எங்கே இருக்கிறது? அதைவிடப் பெரிய சிக்கல் காய்ப்பில் இருக்கிறது. ஒரே கொத்தில் பூ இருக்கும், பிஞ்சு இருக்கும், பச்சைக் கொட்டை இருக்கும், பழுத்துத் தொங்குகிற பழமும் இருக்கும். பூத்ததிலிருந்து கொட்டை முற்ற ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும். பூவோ ஒரே நாளில் பூப்பதில்லை, வாரக்கணக்கில் பூத்துக்கொண்டே இருக்கும். உலுக்கினால் இன்றைக்கு வேண்டிய பத்துக் கொட்டையோடு அடுத்த மாதத்துக் கொட்டையும் சேர்ந்து கொட்டும். பச்சைக் கொட்டை பார்வைக்குப் பெரிதாக இருக்கும், உள்ளே பருப்பு இருக்காது. தோட்டியால் (நீளக் கொக்கிக் கம்பால்) கிளையை இழுத்துக் குலுக்குகிறவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன்.

இந்த மரம் முற்றிய கொட்டையைப் பழத்தோடு தானாகவே கீழே போடும். அதனால் உங்களுக்கு உதிர்ப்பதற்கு மெஷின் தேவையில்லை. செலவு வைக்கிறது பொறுக்குகிற வேலைதான். அதைக் குறைக்க நான் என் விளையில் செய்வதைச் சொல்கிறேன்.

ஜனவரி கடைசியில், கொட்டை விழத் தொடங்குவதற்கு முன்னால், மரத்தடியைப் பிரஷ் கட்டரால் ஒரு தடவை வெட்டிவிட வேண்டும். புல்லை மூன்று விரல் உயரம் விட்டு வெட்டுங்கள். மண் தெரியச் சுரண்டினாலோ களைக்கொல்லி அடித்துப் பொட்டலாக்கினாலோ ஜூன் மழையில் மேல்மண் சிற்றாற்றுக்குப் போய்விடும். பிறகு மரத்துக்கு இறக்கப் பக்கத்தில் ஒரு பச்சை வலையை, சரிவுக்குக் குறுக்காக, வாய்க்கால் வெட்டுகிற திசையில் விரியுங்கள். வலையின் கீழ் ஓரத்தைச் சின்னக் கம்புகளில் கட்டி ஒரு முழம் தூக்கிவிட வேண்டும். உருண்டு வருகிறது அங்கே நிற்கும். அறுபது மூட்டுக்கும் ஒரேயடியாக வலை வாங்க வேண்டாம். நன்றாகக் காய்க்கிற பத்து மரத்துக்கு வாங்கிப் போட்டுப் பாருங்கள். மரத்தைச் சுற்றிப் பிறை வடிவத்தில் தட்டு வெட்டி, மேட்டுப் பக்கம் சிறு குழி எடுத்திருந்தால் மேலே இருக்கிற மரத்தின் கொட்டை உருண்டு வந்து அந்தக் குழியில் கிடக்கும். அந்தத் தட்டும் குழியும் ஈரம் தங்கவும் மண் போகாமல் இருக்கவும் வெட்டுவது. கொட்டை சேர்வது கூடுதல் லாபம்.

கம்பிக் கூண்டு உருளை ஒன்று விற்கிறார்கள். நீளக் கைப்பிடியோடு தரையில் உருட்டினால் கொட்டை கம்பிக்கு இடையே நெருங்கி உள்ளே போய்விடும், குனிய வேண்டாம். பழத்தோடு விழுகிற அண்டிக்கு அது உதவாது. பழம் அழுகிக் கொட்டை தனியாகக் கிடக்கிற இடத்திலும், கல் இல்லாத தரையிலும் மட்டும் ஓரளவு வேலை செய்யும். மோட்டார் வைத்து உறிஞ்சுகிற, நசுக்குகிற எதுவும் வேண்டாம். பச்சைத் தோடு உடைந்தால் அதன் எண்ணெய் தோலைப் பொள்ள வைக்கும்.

வாரத்துக்கு இரண்டு தடவை பொறுக்குங்கள். ஏப்ரல், மே மாதத்தில் கோடை மழை பெய்தால் மறுநாளே போங்கள். நனைந்து கிடக்கிற கொட்டை கறுக்கும், வியாபாரி விலையைக் குறைப்பார். பழத்திலிருந்து பிரிக்கும்போது நைலான் நூலைச் சுற்றி இழுத்தால் சதை ஒட்டாமல் வரும். இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவைத்து, கையில் எடுத்துக் குலுக்கும்போது உள்ளே சத்தம் கேட்டால் சாக்கில் கட்டலாம். சந்தேகம் இருந்தால் கொஞ்சத்தைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், முற்றியது மூழ்கும். நம் மாவட்டத்து அண்டி ஆபீஸ்களுக்கு (முந்திரி ஆலைகளுக்கு) ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில்தான் பெரும்பங்கு கொட்டை வருகிறது. அதோடு போட்டி போட வேண்டிய உங்கள் சாக்கில் கறுத்ததும் பச்சையும் கலந்திருந்தால் பேரம் பேச வழி இருக்காது.

வவ்வால் கொண்டுபோய்ப் பக்கத்து விளையில் போடுகிற கொட்டைக்கு மட்டும் என்னிடம் வழி இல்லை. அது பக்கத்து விளைக்காரருக்கு வருகிற வரும்படி.

கேள்வி: இருநூறு மூடு கமுகு. எல்லாம் தட்டு தட்டாகக் கய்யாலை (தடுப்புச் சுவர்) கட்டிய சரிவு. மரமேறுகிறவர் வயதாகி வேலையை நிறுத்திவிட்டார். ஆள் உட்கார்ந்து ஏறுகிற பெட்ரோல் மெஷின் வாங்கவா, கீழே நின்று பறிக்கிற கார்பன் ஃபைபர் தோட்டி வாங்கவா? விளையின் ஓரமாகக் கரண்ட் கம்பி போகிறது.
– ஒரு வாசகர், அருமனை

பதில்: கடைசி வரியைக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள் சார். அதைத்தான் முதலில் பேச வேண்டும். கார்பன் ஃபைபர் பார்க்கப் பிளாஸ்டிக் மாதிரி இருக்கும், ஆனால் மின்சாரம் கடத்தும். அலுமினியத் தோட்டியைச் சொல்லவே வேண்டாம். அறுபது, எழுபது அடித் தோட்டி சாய்ந்தால் எவ்வளவு தூரம் போகும் என்று தரையில் படுக்க வைத்து அளந்து பாருங்கள். கம்பியிலிருந்து அந்தத் தூரத்துக்குள் நிற்கிற மரங்களைத் தோட்டியால் தொடக் கூடாது. அந்த மரங்களுக்குச் சுண்ணாம்பு அடித்து அடையாளம் வைத்துவிடுங்கள். பறிக்க வருகிறவருக்கு நீங்கள் வாயால் சொன்னது பத்து மணிக்கு மறந்துபோகும், சுண்ணாம்பு மறக்காது. அவற்றை ஆள் ஏறித்தான் பறிக்க வேண்டும், அதுவும் கம்பி எட்டாத மரமாக இருந்தால். கம்பியை ஒட்டியே நிற்கிற மரத்துக்கு மின்வாரியத்துக்கு எழுதிக் கொடுங்கள்.

மற்ற மரங்களுக்கு என் ஓட்டு தோட்டிக்குத்தான்.

ஏறுகிற மெஷின் மட்டமானது என்று நான் சொல்லவில்லை. கர்நாடகத்தில் பண்ட்வால் பக்கத்து விவசாயி கணபதி பட் செய்த மர ஸ்கூட்டர் நல்ல மூளையின் வேலை. அவர் யோசித்தது ஒரு மரத்தில் ஏறி இறங்குவதை. உங்களுக்கோ ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போவதுதான் பாடு. பழைய கமுகேறிகள் இறங்கவே மாட்டார்கள். உச்சியில் இருந்து மரத்தை ஆட்டி, பக்கத்து மரத்தை எட்டிப் பிடித்து மாறிவிடுவார்கள். மெஷினோடு ஏறினால் ஒவ்வொரு மரத்திலும் இறங்கி, கழற்றி, தூக்கி, கய்யாலை ஏறி, மறுபடி மாட்ட வேண்டும். சமவெளியில் நாலு எட்டு நடந்தால் முடிந்தது. உங்கள் தட்டுகளில் அந்த நாலு எட்டும் படி ஏறுவதுதான். மத்தியானத்துக்குள் ஆள் சோர்ந்துவிடுவார், சோர்ந்த பிறகு மாட்டுகிற கொக்கி சரியாக மாட்டாது. சரிவில் கமுகு வெளிச்சம் தேடி இறக்கத்துப் பக்கம் சாய்ந்தும் நிற்கும். சாய்ந்த மரத்தில் உட்கார்ந்த ஆளின் எடை எந்தப் பக்கம் இழுக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

தோட்டிக்குச் சரிவு உதவிதான் செய்யும். மரம் நிற்கிற தட்டில் நிற்காதீர்கள். அதற்கு மேல் தட்டில் ஏறி நில்லுங்கள். கய்யாலை எட்டடி என்றால் தோட்டியில் எட்டடி மிச்சம். நீளம் குறையக் குறைய வளைவு குறையும், கழுத்து வலியும் குறையும். கிழக்குப் பார்த்த சரிவைச் சாயங்காலத்திலும் மேற்குப் பார்த்த சரிவைக் காலையிலும் பறித்தால் மேல் தட்டிலிருந்து பார்க்கும்போது வெயில் முதுகுப் பக்கம் இருக்கும், எந்தக் குலை சிவந்திருக்கிறது என்று நன்றாகத் தெரியும். கய்யாலையின் விளிம்பில் மட்டும் நிற்க வேண்டாம். அண்ணாந்து பார்க்கிறவருக்குத் தன் கால் எங்கே இருக்கிறது என்று தெரியாது. விளிம்பிலிருந்து இரண்டடி உள்ளே ஒரு மூங்கிலைக் குறுக்கே போட்டுவிட்டால் கால் தட்டும்போது நிற்கலாம்.

குலை விழுந்து சிதறினால் பாக்கு மூன்று தட்டுக்கு ஓடும். கீழே இரண்டு பேர் ஒரு தார்ப்பாயின் நாலு மூலையையும் பிடித்து வாங்கினால் சிதறாது. இருவர் தலையிலும் ஹெல்மெட் கட்டாயம். பைக் ஹெல்மெட்டே போதும், வீட்டில் தூசி பிடித்துத்தானே கிடக்கிறது.

அதே தோட்டியில் ஹோஸைக் கட்டிவிட்டால் மருந்தும் அடிக்கலாம். தென்மேற்கு மழை தொடங்குவதற்கு முன்னால் ஒரு சதவீத போர்டோ கலவை அடிக்காவிட்டால் மகாளி வந்து காய் அழுகிக் கொட்டும் என்று உங்களுக்கே தெரியும். 100 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ நீற்றுச் சுண்ணாம்பு. பறிப்புக்கு மட்டும் என்றால் தோட்டியின் விலை கையைக் கடிக்கும். மருந்தடிப்பையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் கட்டுப்படியாகும். பக்கத்து விளைக்காரர்கள் மூன்று நாலு பேர் சேர்ந்து வாங்கினால் இன்னும் நல்லது. யார் வீட்டில் வைப்பது என்ற சண்டையை மட்டும் வாங்குவதற்கு முன்பே போட்டு முடித்துவிடுங்கள்.

கேள்வி: மலைச்சரிவில் கொட்டைப் பயிரை மெஷின் வைத்து அறுவடை செய்கிற நாடே உலகத்தில் இல்லையா?
– பள்ளி ஆசிரியர் ஒருவர், மார்த்தாண்டம்

பதில்: நல்ல கேள்வி. ஹேசல்நட் என்று ஒரு கொட்டை, சாக்லேட்டில் போடுவார்கள். உலகத்தில் அதிகம் விளைவிப்பது துருக்கி. கருங்கடல் ஓரத்தில் ஓர்து, கிரேசுன் மாகாணங்களில் நம் ஆறுகாணியைவிடச் செங்குத்தான சரிவுகளில் நிற்கிறது. அமெரிக்காவில் ஒரிகான் மாநிலத்து வில்லாமெட் பள்ளத்தாக்கிலும் அதே கொட்டைதான். ஒரிகானில் ஒற்றைத் தடி மரம், சமதரை. கொட்டை தானாக விழ விட்டு, வண்டியால் கூட்டி, வண்டியாலேயே அள்ளுகிறார்கள். துருக்கியில் ஒரு மூட்டில் பல தண்டுகள் புதராக நிற்கும், கீழே சரிவு. அங்கே இன்றைக்கும் பெரும்பாலும் கைதான் பறிக்கிறது.

ஆனால் துருக்கிக்காரர் மெஷினே வைத்திருக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். பறித்த கொட்டையைக் கீழே சமதளத்துக்குக் கொண்டுவந்து பரப்பி வாட்டுவார்கள். மேல் உறையை உரிக்க டிராக்டரோடு வருகிற மெஷின் அந்தச் சமதளத்தில் நிற்கும். அது சரிவில் ஏறாது. ஜப்பானில் ஆரஞ்சு விளைகிற மலைச்சரிவுகளில் ஒற்றைத் தண்டவாளம் போட்டு, பல்சக்கரத்தில் ஏறி இறங்குகிற குட்டி வண்டியில் பழக்கூடைகளை அனுப்புகிறார்கள். பறிப்பது கை, சுமப்பது மெஷின். மெஷின் வாங்க வருகிறவர்களிடம் நான் கேட்கிற முதல் கேள்வியும் இதுதான்: பறிக்கவா, சுமக்கவா, உரிக்கவா? முக்கால்வாசிப் பேர் பறிக்க என்று சொல்லித்தான் தொடங்குவார்கள். பேசப் பேச, கூலி போகிற இடம் சுமப்பதும் உரிப்பதும் என்று தெரியவரும்.

கேள்வி: அண்ணே, நான் தென்னை ஏறுகிற கருவி வாங்கி நானே தேங்காய் பறிக்கலாம் என்று இருக்கிறேன். வெளியே ஆள் கூப்பிட்டால் சொன்ன நாளில் வருவதில்லை. மாமியார், ‘பொம்பளப் பிள்ள தெங்குல ஏறவா’ என்கிறார். கருவி பாதுகாப்பானதா?
– ஒரு வாசகி, திருவட்டாறு

பதில்: ஏறுங்கள் தங்கச்சி. தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல் தொடங்கிய ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ பயிற்சியில் பெண்களும் படித்து, அதையே தொழிலாக வைத்திருக்கிறார்கள். மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள். முதல் தடவை கூடவே அழைத்துப்போய் நிறுத்திவிட்டால் அடுத்த தடவை அவரே தேங்காய் எண்ணுவார்.

நின்று ஏறுகிற செம்பேரி வகைக் கருவியில் இடது வலது என்று இரண்டு பாகம். ஒவ்வொன்றிலும் ஒரு கம்பிக்கயிறு மரத்தைச் சுற்றி வரும். ஒரு காலில் எடையை வைத்தால் அந்தப் பக்கக் கயிறு இறுகும், மறுபக்கத்தைத் தூக்கலாம். கருவி சரிவதைவிட, கயிறு தேய்ந்ததைக் கவனிக்காமல் ஏறுவதுதான் ஆபத்து. கம்பிக்கயிற்றைத் துணியால் பிடித்து உருவிப் பாருங்கள். ஒரு இழை அறுந்து துணியில் மாட்டினாலும் கயிற்றை மாற்ற வேண்டும், எண்ணெய் போட்டுச் சரிக்கட்டக் கூடாது. மரத்தைப் பிடிக்கிற ரப்பர் வழுவழுப்பாகிவிட்டால் அதையும் மாற்றுங்கள். இடுப்பு பெல்ட் இல்லாத கருவியை இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.

சரிவில் நிற்கிற தென்னைக்கு ஒரு வேறுபாடு உண்டு. கருவியை மேட்டுப் பக்கத்திலிருந்து மாட்டுங்கள். இறக்கப் பக்கம் அடிமரம் தடித்துக் கயிறு எட்டாது, கால் வைக்கவும் இடம் இருக்காது. தேங்காயை வெட்டுகிறபோது கீழே யாரும் நிற்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். சரிவில் நாலு தட்டு கீழேயும் நிற்கக் கூடாது, உருண்டு வருகிற தேங்காய் வழி கேட்டு வராது. மழை நாளில் ஏற வேண்டாம். 45 நாளுக்கு ஒரு பறிப்பு என்றால் இரண்டு நாள் தள்ளிப் பறித்தாலும் குடி மூழ்காது. பயிற்சி எப்போது நடக்கிறது என்று திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள். மரமேறுகிறவர்களுக்கு வாரியத்தின் ‘கேர சுரக்ஷா’ காப்பீடும் இருக்கிறது, ஏறுவதற்கு முன்னால் அதில் சேர்ந்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் விளை பள்ளத்தில், ரோடு மேலே. தேங்காயும் பாக்கும் தலைச்சுமையாகத்தான் ஏறுகிறது. பழைய மினி டிராக்டர் ஒன்று மலிவாக வருகிறது, வாங்கலாமா?
– ஒரு வாசகர், சுருளகோடு

பதில்: முதலில் சரிவை அளந்துவிடுங்கள். பத்தடி நீளக் கம்பை ரசமட்டம் வைத்துப் படுக்கையாகப் பிடித்து, அதன் இறக்கப் பக்க நுனியிலிருந்து தரைக்கு எவ்வளவு என்று பாருங்கள். இரண்டே முக்கால் அடி வந்தால் 15 டிகிரி. அதற்கு மேல் போனால் நான் டயர் வைத்த எந்த வண்டியையும் ஏற்ற மாட்டேன், குறுக்காக ஓட்டவே மாட்டேன். பாரம் ஏறிய டிரெய்லரோடு பின்னால் வழுக்கினால் பிரேக் பேச்சுக்குத்தான்.

சுமையைப் பாதியாகக் குறைக்க வழி இருக்கிறது. தேங்காயைப் பள்ளத்திலேயே உரித்துப் பருப்பாகவோ, மட்டை நீக்கியோ மேலே அனுப்புங்கள். மட்டை உங்கள் தென்னை மூட்டுக்கே மூடாக்காக ஆகும், அதை மேலே தூக்கிக்கொண்டுபோய் யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள்? பாக்கையும் வெயில் விழுகிற தட்டில் காயவைத்து ஏற்றினால் தண்ணீரைச் சுமக்கிற கூலி மிச்சம். அதற்கும் மேல் கட்டவில்லை என்றால் ரோட்டோரம் ஒரு சின்ன வின்ச் (கயிற்றைச் சுற்றி இழுக்கிற மெஷின்) வைத்து, பள்ளத்திலிருந்து சறுக்குப் பலகையில் இழுக்கலாம். வின்சை நல்ல சிமென்ட் அடித்தளத்தில் போல்ட் போட்டு நிறுத்த வேண்டும், ரப்பர் மரத்தில் கட்டி வைக்கக் கூடாது. இழுக்கும்போது கயிற்றின் நேர்கோட்டில் ஆள் நிற்கக் கூடாது, அறுந்தால் சவுக்கு மாதிரி வரும். நேரில் வந்து பட்டறையில் பேசுங்கள், இடத்தைப் பார்க்காமல் இதற்கு மேல் எழுத முடியாது.

கேள்வி: ஜாதிக்காய்க்கும் வலை விரிக்கலாமா?
– ஒரு வாசகர், கீரிப்பாறை

பதில்: அண்டியைவிட ஜாதிக்காய்க்குத்தான் வலை அதிகம் தேவை. உங்களுக்கு விளைச்சலே மழைக்காலத்தில். பிளந்து விழுகிற காயின் பத்திரி (கொட்டையைச் சுற்றியிருக்கிற சிவப்பு உறை) ஈர மண்ணில் பட்டால் பூசணம் பிடித்து நிறம் போய்விடும், காசும் போய்விடும். வலை தரையைத் தொடாமல் முழங்கால் உயரத்தில் தொங்கட்டும். தினமும் காலையில் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: ட்ரோன் தேங்காய் பறிக்குமா?
– கல்லூரி மாணவர், நாகர்கோவில்

பதில்: மருந்து தெளிக்கும் தம்பி. பறிக்க வரும்போது உங்களுக்குத் தனியாகக் கடிதம் போடுகிறேன்.

கேள்வி: கருவிகளுக்கு மானியம் எவ்வளவு? எங்கே கேட்க வேண்டும்?
– பலர்

பதில்: வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் பல கருவிகளுக்குப் பொதுவாக 40 சதவீதம் வரையும், சிறு குறு விவசாயிகள், பெண்கள், பட்டியலினத்தவருக்கு 50 சதவீதம் வரையும் கிடைக்கும். ஒவ்வொரு கருவிக்கும் உச்சவரம்பு உண்டு. வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் கேளுங்கள், உழவன் செயலியிலும் பார்க்கலாம். முதலில் மனு, அப்புறம்தான் பில். கடையில் வாங்கி வைத்துக்கொண்டு மானியத்துக்கு அலைகிறவர்கள் என் பட்டறைக்கு வந்து புலம்புகிறார்கள், நான் டீதான் வாங்கித் தர முடியும்.

கேள்வி: என் டூ ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர் வீட்டு முற்றத்தில் நன்றாக ஓடுகிறது, மலைச்சரிவில் கொண்டுபோனால் ஐந்து நிமிடத்தில் அணைந்துவிடுகிறது. கார்புரேட்டரை மாற்றியும் சரியாகவில்லை.
– ஒரு வாசகர், களியல்

பதில்: கார்புரேட்டர் பாவம், அதன் மேல் குற்றம் இல்லை. டேங்க் மூடியைத் திறந்து, உள்ளே இருக்கிற ஹோஸைக் கம்பியால் வெளியே எடுத்துப் பாருங்கள். நுனியில் எடையுள்ள ஃபில்டர் இருக்கும். மெஷின் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அது பெட்ரோல் இருக்கிற பக்கம் விழ வேண்டும். ஹோஸ் பழசாகி விறைத்துவிட்டால் ஃபில்டர் ஒரே பக்கம் நின்றுவிடும். முற்றத்தில் பெட்ரோலில் முங்கியிருக்கும், சரிவில் காற்றை இழுக்கும், எஞ்சின் அணையும். ஹோஸையும் ஃபில்டரையும் மாற்றுங்கள், நூறு இருநூறு ரூபாய் வேலை. மாற்றும்போது மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறதா என்றும் ஊதிப் பார்த்துவிடுங்கள்.